கொழும்பில் ஒரு பொக்கெட் கத்தி வாங்க: எது தாங்கும், எது கறள் கட்டும்

கொழும்பில் மடக்குக் கத்தியைக் கெடுப்பது வேலையைவிடக் காற்றுத்தான். வெள்ளவத்தை தொடங்கிக் கொள்ளுப்பிட்டி வரை, காலி வீதியின் கடற்பக்கத்து வீடுகளில் யன்னல் கொழுக்கிகூடக் கறள் கட்டிவிடும். அதே உப்புக்காற்றோடு வியர்வையும் சேரும் காற்சட்டைப் பையில் நாள் முழுக்கக் கிடக்கும் கத்தியின் பாடு அதைவிட மோசம். யூடியூப்பில் வானளாவப் புகழப்படும் கத்திகள் பல உலர்ந்த நாடுகளில் சோதிக்கப்பட்டவை. இங்கே தேர்வின் வரிசை வேறு. முதலில் கறள் தாங்கும் உருக்கு, அடுத்து ஆட்டமில்லாத மூட்டு. கூர் எத்தனை நாள் நிற்கும் என்பது அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது.

வேலை என்ன என்பதையும் முதலில் நிச்சயித்துக்கொள்ளுங்கள். பார்சல் ரேப் வெட்டுவது, அரிசி மூட்டையின் தையல் நூலை அறுப்பது, நைலோன் கயிறு, மாம்பழம், தேசிக்காய், எப்போதாவது ஒரு ரின் மீன். இவ்வளவுக்கும் 6 முதல் 8 சென்டிமீட்டர் அலகு தாராளம். அதைவிட நீண்டால் இருக்கும்போது தொடையில் குத்தும், பார்க்கிறவர் கண்ணையும் உறுத்தும். அலகு 2 மில்லிமீட்டர் அளவு மெல்லியதாக இருந்தால் பழத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும். இராணுவப் பாணியில் 4 மில்லிமீட்டர் தடிப்போடு வரும் கத்தியை எவ்வளவு தீட்டினாலும் அது அப்பிளைப் பாதியில் பிளந்துதான் தள்ளும். நாள் முழுக்க மட்டைப் பெட்டி மட்டும் திறக்கிற வேலை என்றால் மடக்குக் கத்தியே வேண்டாம். மட்டையில் இருக்கும் நுண்மணல் எந்த உருக்கையும் மொட்டையாக்கும். புத்தகக் கடையில் விற்கும் 18 மில்லிமீட்டர் கட்டர் போதும். நுனியை முறித்து முறித்துப் பாவிக்கும் அந்த முறை 1956 இல் ஜப்பானில் உருவானது. அந்த வேலைக்கு இன்றுவரை அதை வெல்ல ஒன்றும் வரவில்லை.

உருக்கு

அலகின் அடியில் பொறித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் இருந்தால் அது பாதித் தகவல்கூட இல்லை. 'சேர்ஜிக்கல் ஸ்டீல்' என்பது இன்ன கலவை என்று எதையும் சொல்லாத விளம்பரச் சொல். மலிவுக் கத்திகளில் அதிகம் வருவது 420 அல்லது 3சிஆர்13. இரண்டாவதில் கரிமம் நூற்றுக்கு 0.3 அளவுதான். கறள் அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் உருக்கு மென்மை. நாலு பார்சலோடு கூர் மடங்கிவிடும். தீட்டுவதும் சுகம் என்பதால் இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. விலை உண்மையிலேயே குறைவாக இருந்தால் எடுக்கலாம்.

அடுத்த படியில் 8சிஆர்13 எம்ஓவி என்ற சீன உருக்கு. கரிமம் 0.8, குரோமியம் 13 அளவு. கூர் நன்றாக நிற்கும், சாதாரணக் கல்லிலேயே தீட்டலாம். கடலோரத்தில் துடைக்காமல் விட்டால் மூட்டுப் பக்கத்தில் கறுப்புப் புள்ளி விழும். சுவீடனின் 12சி27 இல் கரிமம் 0.6, குரோமியம் 13.5 அளவு. கூரில் அதற்குச் சற்றுப் பின்னால் நின்றாலும் கறளைத் தாங்குவதில் முன்னால் நிற்கும். 14சி28என் என்று பொறித்த கத்தி உங்கள் கைக்காசுக்குள் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். அதில் கரிமத்தின் ஒரு பங்கு வேலையை நைதரசன் செய்கிறது. அதனால் குரோமியம் கறளைத் தடுக்க மிஞ்சி நிற்கிறது.

டி2 பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று இணையக் கடைகளில் 'உயர்தரம்' என்று அதிகம் தள்ளப்படுவது இதுதான். டி2 இல் குரோமியம் நூற்றுக்கு 12 அளவு உண்டு. கேட்டால் கறள் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் மாதிரித்தான் தோன்றும். ஆனால் கரிமமும் 1.5 அளவில் இருக்கிறது. அந்தக் கரிமம் குரோமியத்தின் பெரும்பங்கைப் பிடித்துக் காபைட்டு என்ற கடினமான நுண்துகளாக்கிவிடும். கறளைத் தடுக்கச் சுதந்திரமாக மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் காபைட்டு கூரை நீண்ட நாள் வைத்திருக்கும், உண்மை. ஆனால் தேசிக்காய் வெட்டிவிட்டுக் கழுவாமல் மடக்கி வைத்தால் மறுநாள் செம்புள்ளி கண்டிப்பாக வரும். வேலை முடிந்ததும் துடைக்கிற பழக்கம் இல்லாதவருக்குக் கொழும்பில் டி2 சரிவராது. வெறும் கரிம உருக்கு அலகு இன்னும் கறாரானது. தினமும் எண்ணெய்த் துணி பிடிக்கும் மனமுள்ளவருக்கு மட்டும்.

சில்வர் பாத்திரம் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒட்டாவிட்டால் நல்ல சாமான் என்பார்கள். கத்தியில் இந்தச் சோதனை தலைகீழ். வெப்பமூட்டிக் கடினமாக்கிய கத்தி உருக்கு, ஸ்டெயின்லெஸ் ஆனாலும், காந்தத்தில் ஒட்டும். ஒட்டாத அலகு பாத்திரத் தகடு. அதில் கூர் நிற்காது. தமஸ்கஸ் அலைக்கோடு போட்ட மலிவுக் கத்திகளில் அந்தக் கோடு பெரும்பாலும் மேலே அச்சடித்ததுதான். ஒரு தரம் தீட்டினால் வாய் ஓரத்தில் அழிந்துபோகும்.

கடையில் கையில் எடுத்தவுடன்

பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளிலோ, புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களின் நடைபாதையிலோ, எங்கே வாங்கினாலும் கையில் எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். முதலில் மடித்த நிலையில் மேலிருந்து பாருங்கள். அலகு இரு உட்தகடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து தகட்டை உரசினால் வாய் அங்கேயே மழுங்கும். பிறகு விரித்து, அலகின் முதுகைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். மயிரிழை ஆட்டம் இருந்து, மூட்டில் திருகாணியும் இருந்தால் இறுக்கிச் சரிசெய்யலாம். திருகாணிக்குப் பதில் தறையாணி அடித்திருந்தால் அந்த ஆட்டம் கூடிக்கொண்டேதான் போகும். மேல் கீழாக ஆடினால் கோளாறு பூட்டில். அதை எந்தத் திருகாணியும் திருத்தாது, கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லைனர் லொக் கத்தி, அதாவது உட்தகடு ஒன்று வளைந்து வந்து அலகின் அடியைத் தாங்கும் வகை, மலிவுக் கத்திகளில் மிகச் சாதாரணம். விரித்த பிறகு அந்தத் தகடு அலகின் அடியில் எவ்வளவு தூரம் வந்து நிற்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். அடியின் தடிப்பில் கால்வாசியாவது, அரைவாசிவரை, பிடித்திருக்க வேண்டும். விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அழுத்தத்தில் நழுவிக் கத்தி விரல்மேல் மடியும். மறுபக்கத் தகட்டைப் போய்த் தொடுகிறது என்றால் புதிதாக இருக்கும்போதே தேய்ந்த கத்தி அது, இன்னும் தேய இடமில்லை. அடுத்து, விரல்களை அலகு மடியும் பாதையிலிருந்து விலக்கிப் பிடித்து, அலகின் முதுகை மர மேசை விளிம்பில் மெல்ல அழுத்துங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், நல்ல பூட்டையும் அது கெடுக்கும். மெல்லிய அழுத்தத்துக்கே விட்டுக்கொடுத்தால் கத்தியை மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.

கூரைப் பார்க்க விரல் வேண்டாம். வாயை மேலே திருப்பி விளக்குக்கு நேரே பிடியுங்கள். மொட்டையான இடம் வெள்ளைப் புள்ளியாக, கோடாக மின்னும். கூரான இடம் வெளிச்சத்தைத் திருப்பாது, கண்ணுக்கே தெரியாது. பில் காகிதத்தை ஒரு கையில் தொங்கவிட்டு அடியிலிருந்து நுனிவரை இழுத்து வெட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் கிழித்தால் அங்கே மொட்டை. அதற்காக நல்ல கத்தியை விட்டுவிட வேண்டாம். கூரை வீட்டில் ஏற்றலாம், மூட்டையும் பூட்டையும் ஏற்ற முடியாது.

எதை வாங்கலாம்

பெரும்பாலானவர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு விக்டோரினொக்ஸின் இரண்டடுக்குக் கத்தி. 91 மில்லிமீட்டர் ஸ்பார்டன், அல்லது அலுமினியப் பிடி போட்ட 84 மில்லிமீட்டர் கடெட். சுவிற்சர்லாந்தின் ஈபாக்கில் 1884 இல் தொடங்கிய நிறுவனம் அது. இன்றும் பிரபலமான அந்தச் சிவப்புக் கத்தியின் மூல வடிவம் 1897 இல் வந்தது. அலகின் கடினம் ரொக்வெல் அளவில் 56 அளவுதான், சீன டி2 கத்திகளைவிடக் குறைவு. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கூர் சீக்கிரம் குறையும், ஆனால் கல்லில் ஐந்து நிமிடத்தில் திரும்ப வரும், கறளை அநேகமாகச் சீண்டாது. நமது காற்றுக்கு இந்தக் கணக்குத்தான் சரி. ரின் திறக்கும் கருவியை விளிம்புக்கடியில் கொளுவி, சின்னச் சின்னக் கடியாக முன்னோக்கித் தள்ளிப் போக வேண்டும். பின்னோக்கி இழுத்துப் பார்த்துவிட்டுக் 'கூர் இல்லை' என்கிறவர்கள் பலர். போத்தல் திறப்பான் நுனி நடுத்தர ஸ்குரூவுக்குப் பொருந்தும். ஸ்பார்டன் 60 கிராம் அளவு பாரம், பையில் கிடப்பதே தெரியாது.

இதன் குறை ஒன்று: பூட்டு கிடையாது. பின்புற வில்லின் அழுத்தத்தில்தான் அலகு நிற்கிறது. நுனியால் குத்தித் துளைக்கப் போனால் மடங்கி விரலை வெட்டும். இழுத்து வெட்டும் வேலைக்கு மட்டும் அலகு, துளை போட வேண்டுமானால் ஸ்பார்டனின் முதுகுப் பக்கத்து ஊசி, கடெட்டில் அது இல்லை. அந்த ஊசிக்கும் பூட்டு இல்லை, நேராக அழுத்தித் திருக வேண்டும்.

போலிகள் நிறையச் சுற்றுகின்றன. அசலில் அலகின் அடியில் நிறுவனப் பெயர் ஒழுங்காகப் பொறித்திருக்கும். ஸ்பார்டனில் சிலுவைச் சின்னம் பிளாஸ்டிக் பிடிக்குள் பதித்திருக்கும், நகத்தால் சுரண்டினால் உரியாது. கருவிகளை மடித்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் அடுக்குகளுக்கிடையே இடைவெளி தெரியாது. திறக்கும்போதும் மூடும்போதும் வில் 'டக்' என்று பேசும். ஸ்பார்டனின் பிடிக்குள் செருகிய பல்குத்தியும் சிமிட்டாவும் தலைகீழாகப் பிடித்தாலே விழுந்தால் அது போலி.

பழமும் பாணும் மரக்கறியும் வெட்டுவதுதான் முக்கிய வேலை என்றால் ஒப்பினெல். பிரான்சின் சவோய் பகுதியில் 1890 இல் ஜோசப் ஒப்பினெல் தொடங்கிய கத்தி. 7 ஆம் இலக்க அலகு 8 சென்டிமீட்டர், 8 ஆம் இலக்கம் 8.5. நமக்கு 7 போதும். அலகு மிக மெல்லியது, மாம்பழத்தோல் காகிதம் போல் உரியும். விலைக்கு இதைவிட நன்றாக வெட்டும் மடக்குக் கத்தி கிடையாது என்றே சொல்லலாம். மூட்டில் சுழலும் உருக்கு வளையம் 1955 இல் வந்தது. திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். 2000 ஆம் ஆண்டிலிருந்து மூடிய நிலையிலும் பூட்டலாம். அலகில் 'இனொக்ஸ்' என்று இருப்பதைத்தான் வாங்க வேண்டும். 'கார்போன்' என்று இருப்பது கரிம உருக்கு, முதல் தேசிக்காயிலேயே கறுக்கும்.

ஒப்பினெலுக்குக் கொழும்பில் வரும் நோய், பிடி ஊதுவது. பீச் மரம் ஈரத்தை உறிஞ்சி வீங்கி அலகை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். ஒக்டோபர், நவம்பர் மழையில் நகம் உடைந்தாலும் திறக்காது. வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும், அதைப் பிடித்து இழுக்கலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, 240 இலக்க மண்தாளை ஒரு மட்டைத் துண்டில் மடித்து மூட்டுப் பக்கத்துப் பிளவுக்குள் விட்டுச் சிறிது சிறிதாகத் தேயுங்கள். அலகு உரசாமல் ஓடத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அதன் பிறகு மெழுகுதிரியைப் பிளவின் உட்சுவரில் அழுத்தித் தேய்த்துவிட்டால் தண்ணீர் இறங்காது. வெயிலில் காயவைத்தால் பிடி வெடிக்கும். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊறவிடவே கூடாது.

ஒரு கையால் திறக்க வேண்டும், பூட்டும் வேண்டும் என்றால் சான்ரென்மு, கன்சோ போன்ற சீன நிறுவனங்களின் கத்திகள் விலைக்கு நியாயமானவை. சான்ரென்முவின் 7010 சிறியது, பிரேம் லொக், அதாவது பிடியின் ஒரு பக்கமே வளைந்து வந்து அலகைத் தாங்கும் வகை. கன்சோவில் பழைய மாதிரிகள் பல 440சி என்ற ஸ்டெயின்லெஸ் உருக்கு, புதியவை பல டி2. கறளைத் தாங்குவதில் 440சி முன்னால் நிற்கும். மேலே சொன்ன காரணத்தால் 440சி மாதிரி கிடைத்தால் அதையே எடுங்கள். பூட்டு, நடுநிலை எல்லாம் ஒவ்வொரு கத்திக்கும் கொஞ்சம் மாறும். அதனால் இந்த வகையைப் படம் பார்த்து வாங்குவதைவிடக் கையில் பார்த்து வாங்குவதே நல்லது.

நடைபாதையில் விற்கும் மிச்ச வகைகளில் நேரம் செலவழிக்க வேண்டாம். வங்கி அட்டை வடிவக் கத்தி, லைட்டர் பூட்டிய கத்தி, பொத்தானை அமுக்கினால் பாயும் கத்தி, விரலில் மாட்டும் வளையம் வைத்தது. வெட்டும் வேலைக்கு ஒன்றும் உதவாது, பொலிஸ் கையில் பட்டால் விளக்கம் சொல்லவும் முடியாது.

பாரிசிலோ சூரிச்சிலோ சொந்தக்காரர் இல்லாத கொழும்புத் தமிழ்க் குடும்பம் குறைவு. அவர்கள் வரும்போது சொக்லேட்டோடு ஒரு கத்தியும் கேட்கலாம். ஒப்பினெல் பிரான்சில் 20 யூரோவுக்குள் கிடைக்கும், இங்கே இறக்குமதிச் செலவு ஏறிய விலையைவிட அநேகமாகக் குறைவு. 'ஒப்பினெல் வாங்கி வாருங்கள்' என்று மட்டும் சொன்னால் கார்போன் அலகு வந்து சேரவும் கூடும். இலக்கமும் இனொக்ஸ் என்ற சொல்லும் சேர்த்து, படத்தோடு அனுப்புங்கள். கத்தி விமானத்தில் கையோடு கொண்டுவரும் பையில் இருக்கக் கூடாது, சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். மறந்தால் அந்த விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள்.

வெளியில் கொண்டு திரிவது

இலங்கையில் கத்தியை வெளியே கொண்டு செல்வதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. சட்டத்தரணி ஒருவரைத் தெரிந்தால் கேட்டுக்கொள்வது நல்லது. நடைமுறையில் அலகு குட்டை, நுனி மழுங்கல், ரின் திறப்பானும் சேர்ந்த கருவிக் கத்தி என்றால் அது என்ன வேலைக்கு என்பது பார்த்தாலே புரியும். குத்துவாள் வடிவில் இரு பக்கமும் கூர் உள்ளதை வீட்டுக்குள்கூட வைத்திருக்கச் சிபாரிசு செய்ய மாட்டோம். பையின் விளிம்பில் கொளுவும் கிளிப் மற்ற நாடுகளில் வசதி. இங்கே நெரிசல் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் பயப்படுவார். கழற்றிவிட்டு உள்ளே போடுங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஹோட்டல்களிலும் பெரிய கடைத்தொகுதிகளிலும் பை சோதனை வழக்கமாகிப் போனது. நீதிமன்றம், அமைச்சு, தூதரகம் போகும் நாளில் கத்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பராமரிப்பு

தேங்காயெண்ணெயைக் கத்தி மூட்டில் விடுவது நம் வீட்டுப் பழக்கம். நாளாக அது பிசினாகித் தூசியைப் பிடித்து மூட்டை இறுக்கும். தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி போதும். உணவு வெட்டும் கத்தியானால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்குவிட் பரஃபின். தேங்காயெண்ணெய்க்கு வேறு நல்ல வேலை இருக்கிறது: பலாக்காய் வெட்டுமுன் அலகில் பூசினால் பால் ஒட்டாது, ஒட்டிய பாலையும் அதுவே கழற்றும். பிறகு சவர்க்காரம் போட்டு வெந்நீரில் கழுவி, மூட்டுக்குள் பழைய பற்தூரிகையை விட்டுத் துலக்கி, துடைத்து, விரித்தபடியே காற்றில் வைத்து மடியுங்கள். கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் அப்பச்சோடாவை ஈரமாகக் குழைத்து வைத்துத் துணியால் தேயுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் அது போகாது, பரவாமல் எண்ணெய் பிடித்து வைக்கலாம்.

மூட்டுத் திருகாணி தளர்ந்தால் ரோர்க்ஸ் வகை (ஆறுமுனை நட்சத்திர வடிவ நுனி) 6 அல்லது 8 இலக்கச் சாவி வேண்டும். போன் திருத்தும் கருவிப் பெட்டிகளில் அது இருக்கும், புறக்கோட்டையில் எளிதாகக் கிடைக்கும். எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கி, அலகை விரித்து மடித்துப் பார்த்து, தேவையானால் இன்னும் அவ்வளவு. திரும்பத் திரும்பத் தளர்ந்தால் திருகாணியைக் கழற்றி எண்ணெய் போகத் துடைத்து, புரியில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு தொடுகை வைத்து மாட்டுங்கள்.

தீட்டுவதற்குத் தெருவில் சக்கரம் சுற்றும் சாணைக்காரரிடம் பொக்கெட் கத்தியைக் கொடுக்காதீர்கள். மெல்லிய வாய் சில வினாடியில் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடம் மென்மையாகிவிட்டது, இனி அங்கே கூர் நிற்காது. ஹாட்வெயார் கடையில் இரு பக்கமும் வேறு வேறு நரநரப்புள்ள கல் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் 1000 இலக்கக் கல் ஒன்றும். கோணத்துக்கு எளிய அளவு: அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்குங்கள். 15 மில்லிமீட்டர் அகல அலகுக்கு 5 மில்லிமீட்டர், அது ஏறக்குறைய 20 பாகை. கல்லை நனைத்து, அதே உயரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் தீட்டிக்கொண்டே போங்கள். மறுபக்க விளிம்பில் நகத்தை வெளிப்பக்கமாக இழுத்தால் பிசிறு தடக்கும். அடியிலிருந்து நுனிவரை தடக்கிய பிறகுதான் மறுபக்கம். பலர் பிசிறு வருமுன்னே பக்கத்தை மாற்றிவிடுவதால்தான் மணிக்கணக்கில் தீட்டியும் கூர் வருவதில்லை. கடைசியில் பாரம் கொடுக்காமல் பக்கம் மாற்றி மாற்றி ஏழெட்டு இழுப்பு, பிறகு பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் முதுகு முன்னே போகும்படி இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். கல் கைவசம் இல்லாத நேரத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுக்கம் பூசாத வளையம் ஒன்று தெரியும். கூர் லேசாகக் குறைந்த விக்டோரினொக்ஸ் அலகுக்கு அதில் பத்து இழுப்பே போதும்.